ஆள் கைமாறும் கணக்கு

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை மதியம். மலேசியாவின் புஞ்சாக் ஆலாமில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. ரசம் ஊற்றச் சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்த என் அக்கா மகன், ரசம் இலையை விட்டு மேசையில் ஓடுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். "மாமா, லூக்காவைக் கொடுத்துட்டாங்க" என்றான். சொந்தத்தில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது போன்ற குரல்.

அமெரிக்காவில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. டாலஸ் மேவரிக்ஸ் கூடைப்பந்துக் குழு, முந்தைய ஆண்டுதான் தன்னை இறுதிச் சுற்றுவரை கொண்டுபோன லூக்கா டான்சிச் என்ற 25 வயது ஆட்டக்காரரை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு வந்தவர்கள் ஆண்டனி டேவிஸும் மேக்ஸ் கிறிஸ்டியும். கூடவே 2029ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு உரிமை. இரு குழுக்களின் நிர்வாகிகளும் வெளியில் மூச்சு விடாமல் பேசி முடித்திருந்தார்கள். டான்சிச்சுக்கே செய்தி கடைசியில்தான் போனது.

என் அக்கா மகன் கிடங்கில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். மாலையில் தாமானில் உள்ள கூடைப்பந்துத் திடலில் சீன, மலாய் நண்பர்களோடு ஆடுவான். இரவில் ஒரு பள்ளி நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு எந்தக் குழு யாரைக் கொடுத்து யாரை வாங்கலாம் என்று எழுதுவான். சம்பளம் பொருந்துகிறதா, விதிமுறை இடம் கொடுக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டிருப்பான். பிப்ரவரியில் பரிமாற்றக் கெடு முடிவது நம் நேரப்படி வெள்ளிக்கிழமை விடியற்காலை 4 மணி. அன்று அவன் தூங்குவதில்லை.

தேநீர் வந்த பிறகு கொஞ்சம் தெளிந்து, முழு விவரத்தையும் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினான். மூன்றாவது குழுவாக யூட்டா ஜாஸ் இருந்தது. அதற்குக் கீழே நான் கேள்விப்படாத ஒரு பெயர்: ஜேலன் ஹூட்-ஷிஃபினோ. இவர் யார் என்று கேட்டேன்.

"அவன் கணக்குக்காகப் போனவன் மாமா."

2023இல் லேக்கர்ஸ் 17ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்த இளைஞர் அவர். வயது 21. சம்பளக் கணக்கு நேராக வேண்டும் என்பதற்காக யூட்டாவுக்கு அனுப்பப்பட்டார். சில நாளிலேயே யூட்டா அவரை விடுவித்துவிட்டது. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, ஒரு மனிதனைப் பற்றிக் 'கணக்குக்காகப் போனவன்' என்று சொல்வது சும்மா காதில் விழுந்து போகிற பேச்சாக இல்லை. இந்தப் பரிமாற்றங்களின் விதிகளையும் வரலாற்றையும் நான் தேடிப் படித்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான்.

முதலில் இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் காற்பந்து பார்த்துப் பழகிய நமக்கு இது புதிது. காற்பந்தில் ஒருவர் குழு மாறினால் பழைய குழுவின் ஒப்பந்தம் முடிந்துபோகிறது. புதிய குழுவோடு அவரே உட்கார்ந்து பேசிப் புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட மறுத்தால் மாற்றம் நடக்காது. அமெரிக்கக் கூடைப்பந்தில் அப்படியில்லை. அங்கே ஒப்பந்தமே கைமாறுகிறது, ஆள் அதன் பின்னால் போகிறார். ஐந்தாண்டுக்கு டாலஸில் ஆடுவதாகக் கையெழுத்துப் போட்டவர், மூன்றாம் ஆண்டில் யூட்டாவில் ஆட வேண்டியிருக்கலாம். அதே சம்பளம், அதே கால அளவு, ஊர் மட்டும் வேறு. அவரிடம் சம்மதம் கேட்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் கிடையாது.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயில் 30 குழுக்கள். 2025-26 பருவத்துக்கு ஒரு குழுவின் சம்பள உச்சவரம்பு 154.6 மில்லியன் டாலர். இது தாண்டவே முடியாத சுவர் இல்லை. பெரும்பாலான குழுக்கள் தாண்டித்தான் நிற்கின்றன. தாண்டத் தாண்டக் கதவுகள் அடைபடும், அவ்வளவுதான். வரம்பைத் தாண்டிய குழுவால், கொடுக்கும் ஆளின் சம்பளத்தைவிட ஓரளவுக்கு மட்டுமே கூடுதலாக வாங்க முடியும். அதே பருவத்தில் 195.9 மில்லியன் என்ற முதல் கோட்டைத் தாண்டினால், கொடுப்பதற்கு மேல் ஒரு டாலர்கூடக் கூடுதலாக வாங்க முடியாது. 207.8 மில்லியன் என்ற இரண்டாம் கோட்டையும் தாண்டியவர்களுக்குக் கை இன்னும் இறுக்கமாகக் கட்டப்படும். இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆட்டக்காரரை வாங்க முடியாது, பரிமாற்றத்தில் ரொக்கம் கொடுக்க முடியாது, ஏழு ஆண்டு கழித்து வரும் முதல் சுற்றுத் தேர்வு உரிமையும் முடக்கப்படும். 2023இல் குழு உரிமையாளர்களும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தின் விதிகள் இவை.

தேர்வு உரிமை என்பது இன்னும் வராத இளைஞனின் மேல் எழுதப்படும் சீட்டு. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து குழுவை வைத்திருந்த டெட் ஸ்டெப்பியன் என்பவர், எதிர்கால முதல் சுற்று உரிமைகளை வரிசையாகக் கொடுத்துத் தீர்த்து, குழுவையே வெறும் கூடாக்கினார். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு முதல் சுற்று உரிமை இல்லாத நிலையில் எந்தக் குழுவும் போய் நிற்கக்கூடாது என்று அதன்பின் வந்த விதி இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

இவ்வளவு கட்டுக்குள் நின்று ஒரு நல்ல பரிமாற்றத்தை யோசிப்பது மூளைக்கு நல்ல வேலை. என் அக்கா மகனின் நோட்டைப் புரட்டியபோது எனக்கு மரியாதைதான் வந்தது. இரு தரப்புக்கும் எது குறை, யாருக்கு அவசரம், யாரால் காத்திருக்க முடியும் என்று ஒவ்வொரு பக்கத்திலும் யோசித்திருந்தான். நல்ல திட்டம் எதைச் செய்யக்கூடும் என்பதற்கு 2013ஆம் ஆண்டு பாஸ்டன் செய்தது சான்று. வயதாகிக்கொண்டிருந்த கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் புரூக்ளினுக்குக் கொடுத்து, 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளையும் 2017இல் உரிமையை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பையும் வாங்கிக்கொண்டது. அந்தச் சீட்டுகளின் வழியாக ஜேலன் பிரௌனும் ஜேசன் டேட்டமும் வந்தார்கள். 2024இல் பாஸ்டன் கோப்பையை வென்றது. விதைத்துவிட்டுப் பதினொரு ஆண்டு காத்திருந்தார்கள்.

ஆனால் நோட்டின் எந்தப் பக்கத்திலும் ஒரு கேள்வி இல்லை: இந்த ஆளைக் கேட்டார்களா?

இதைக் கேட்ட முதல் பெரிய குரல் கூடைப்பந்திலிருந்து வரவில்லை, பேஸ்பாலிலிருந்து வந்தது. செயின்ட் லூயிஸில் 12 ஆண்டு ஆடிய கர்ட் ஃபிளட், 1969 அக்டோபரில் பிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்டதாக அறிந்தார். போக மறுத்தார். அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் லீக் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், தன் விருப்பம் எதுவாக இருந்தாலும் வாங்கலாம் விற்கலாம் என்று நடத்துவதற்குத் தான் ஓர் உடைமைப் பொருள் அல்ல என்று தெரிவித்தார். அவர் கறுப்பினத்தவர். அந்தச் சொற்களுக்குப் பின்னால் எத்தனை தலைமுறை நிற்கிறது என்பது படித்தவர்களுக்குப் புரிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1972இல் 5க்கு 3 என்ற கணக்கில் தோற்றது. அவருடைய ஆட்ட வாழ்வும் அதற்குள் முடிந்துபோயிருந்தது.

கூடைப்பந்தில் அந்தப் போராட்டத்தை எடுத்துச் சென்றவர் ஆஸ்கர் ராபர்ட்சன். ஆட்டக்காரர் சங்கத் தலைவராக இருந்த அவர் பெயரில் 1970இல் வழக்கு தொடங்கியது. 1976இல் சமரசம் ஏற்பட்டது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஆட்டக்காரரைக் காலமெல்லாம் கட்டிவைக்கலாம் என்ற வழக்கம் அதோடு உடைந்தது. எந்தத் தடையும் இல்லாத விடுதலை இன்னும் 12 ஆண்டு கழித்துத்தான் வந்தது. 1988இல் டாம் சேம்பர்ஸ் சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸுக்குத் தன் விருப்பப்படியே போனார்.

இவையெல்லாம் ஒப்பந்தம் முடிந்த பிறகு கிடைத்த சுதந்திரம். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது இன்னும் பழைய கதைதான். மாற்றத்தைத் தடுக்கும் உரிமையைத் தன் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டுமானால் ஒருவர் எட்டு ஆண்டு லீக்கில் ஆடியிருக்க வேண்டும், அதில் நான்கு ஆண்டு அதே குழுவில் ஆடியிருக்க வேண்டும். அப்போதும் குழு சம்மதித்தால்தான். லெப்ரான் ஜேம்ஸ், பிராட்லி பீல் என்று அந்த உரிமை பெற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஹூட்-ஷிஃபினோ போன்றவர்களுக்கு அது எட்டாத உயரம்.

நடக்காமல் போன ஒரு பரிமாற்றத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். என் மனத்தை அதிகம் அசைத்தது அதுதான். 2011 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸ் குழு லீக்கின் பொறுப்பிலேயே இருந்தது. கிறிஸ் பாலை லேக்கர்ஸுக்குக் கொடுக்க மூன்று குழுக்கள் பேசி முடித்தன. பௌ கசோல் ஹூஸ்டனுக்கும், லமார் ஓடம் நியூ ஆர்லியன்ஸுக்கும் போவதாக ஏற்பாடு. லீக் தலைவர் டேவிட் ஸ்டெர்ன் அதை நிறுத்திவிட்டார். எல்லோரும் நேற்றிருந்த இடத்துக்கே திரும்பினார்கள். காகிதத்தைப் பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் ஓடமுக்குத் தன்னை வெளியே அனுப்ப நினைத்தார்கள் என்பது தெரிந்துவிட்டது. லேக்கர்ஸோடு இரண்டு கோப்பை வென்றவர், முந்தைய பருவத்தில்தான் சிறந்த மாற்று ஆட்டக்காரர் விருது வாங்கியவர். மனம் உடைந்து, என்னை அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். சில நாளில் டாலஸுக்குப் போனார். அங்கே 50 ஆட்டங்கள், சராசரி 6.6 புள்ளி. பழைய ஓடம் அதன்பின் திரும்பவே இல்லை. அவருடைய வாழ்க்கையில் வேறு துயரங்களும் இருந்தன, எல்லாவற்றையும் இந்த ஒன்றின் தலையில் கட்ட முடியாது. என்றாலும், பேச்சளவில் நின்றுவிட்ட ஒரு யோசனைகூட ஒருவரைக் காயப்படுத்த முடியும் என்பதை அந்தப் பருவம் காட்டியது.

டொராண்டோவின் ஸ்கார்பரோ பக்கம் வாழும் தமிழர்கள் இதே காயத்தை மறுகரையிலிருந்து பார்த்தவர்கள். டமார் டிரோசன் ஒன்பது பருவம் அந்நகரின் ராப்டர்ஸ் குழுவுக்காக ஆடியவர். பெரிய பெயர்களெல்லாம் அந்தக் குளிர் நகரத்தை விட்டு ஓடிய காலத்தில், நான் இங்கேயே இருக்கிறேன் என்று சொன்னவர். 2018 ஜூலையில் குழு அவரைச் சான் அன்டோனியோவுக்குக் கொடுத்து காவை லெனர்டை வாங்கியது. தனக்கு வேறு மாதிரி சொல்லப்பட்டிருந்தது என்று டிரோசன் வேதனைப்பட்டார். குழுத் தலைவர் மசாய் உஜிரி வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அடுத்த ஆண்டே, 2019 ஜூனில், ராப்டர்ஸ் கோப்பையை வென்றது. நகரமே தெருவில் இறங்கியது. லெனர்ட் ஒரே பருவத்தோடு கிளம்பிப் போய்விட்டார். குழுவின் கணக்கில் இது லீக் வரலாற்றின் மிகச் சிறந்த பரிமாற்றங்களில் ஒன்று, அதை நான் மறுக்க மாட்டேன். அந்தக் கோப்பையைக் கொண்டாடிய கையோடு டிரோசனை நினைத்தும் வருந்திய ரசிகர்கள்தான் ஆட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் என்று நினைக்கிறேன்.

நம் மக்களுக்கு நெருக்கமான உதாரணம் ஐபிஎல் கிரிக்கெட்டில் இருக்கிறது. அங்கேயும் ஏலத்துக்கு வெளியே குழுக்கள் ஆளை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விளையாட்டாளரின் சம்மதம் இல்லாமல் அது நடக்காது. 2019 நவம்பரில் நம் அஷ்வின் பஞ்சாபிலிருந்து டெல்லிக்குப் போனது அப்படித்தான். ரவீந்திர ஜடேஜாவின் கதை இன்னும் ஆழமானது. ராஜஸ்தானில் தொடங்கிய அவர், வேறு குழுவோடு தானே பேச முயன்றதற்காக 2010ஆம் ஆண்டு ஐபிஎல் முழுவதும் தடை செய்யப்பட்டார். தன் உழைப்பின் விலையைத் தானே பேசியது அன்று குற்றம். பிறகு சென்னைக்கு வந்தார், 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தார். 2025 நவம்பரில் சென்னை அவரையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது. ஜடேஜாவின் தொகை 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. குறைந்த பணத்துக்குச் சம்மதித்துத் தன் முதல் குழுவுக்குத் திரும்பினார். சென்னை ரசிகர்கள் பலருக்கு அது இழவு வீட்டு நாள்போல இருந்தது. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. அவரிடம் கேட்டார்கள், அவர் சரி என்றார்.

சம்மதம் கேட்டால் லீக்கே நடக்காது, எல்லோரும் கடற்கரை நகரங்களுக்கே போய்ச் சேர்வார்கள், மில்வாக்கியும் யூட்டாவும் காலியாகிவிடும் என்பது என்பிஏ நிர்வாகிகளின் வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. பெரிய ஆட்டக்காரர்கள் இப்போது தாங்களே பரிமாற்றம் கேட்டுக் குழுக்களை மண்டியிட வைப்பதையும் பார்க்கிறோம். டேமியன் லில்லார்ட் 2023இல் மியாமிக்குத்தான் போவேன் என்றார். போர்ட்லாந்து அவரை மில்வாக்கிக்கு அனுப்பியது. 2025இல் அவர் குதிகால் தசைநாண் அறுந்து படுத்தபோது மில்வாக்கி விடுவித்துவிட்டது. ஆனால் இரண்டு ஆண்டுக்கு மீதமிருந்த சுமார் 113 மில்லியன் டாலர் அவருக்கு உறுதி, ஐந்தாண்டில் பிரித்துக் கொடுக்கிறார்கள். அவர் மறுபடி போர்ட்லாந்துக்கே போனார்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அமெரிக்கக் கூடைப்பந்தில் மனிதனைக் கேட்காமல் அனுப்புகிறார்கள் என்பது குறை. ஆனால் அவனோடு அவனுடைய ஒப்பந்தமும் முழுதாகப் போகிறது. ஆடிய ஆண்டுகளின் மூப்பும் கூடப் போகிறது. காயம் பட்டாலும் உறுதி செய்த சம்பளமும் கூடப் போகிறது. புதிய முதலாளியால் அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட மாற்ற முடியாது. சில சமயம் இழப்பும் உண்டு. டான்சிச் டாலஸிலேயே இருந்திருந்தால் ஐந்தாண்டுக்குச் சுமார் 345 மில்லியன் டாலர் ஒப்பந்தத்துக்குத் தகுதி பெற்றிருப்பார், மாற்றத்தால் அந்தத் தகுதி போய்விட்டது. அவருக்கு அது தாங்கக்கூடிய இழப்பு. ஆக, எந்தப் பரிமாற்றத்தையும் எடைபோட நான் கேட்க விரும்பும் கேள்விகள் இரண்டு: ஆளைக் கேட்டார்களா? ஆளோடு கூடப் போவது என்ன?

இரண்டாவது கேள்வி எனக்குத் தோட்டத்திலிருந்து வந்தது. கோலசிலாங்கூர் வட்டாரத் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்கார நிறுவனங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்றார்கள். உங்கு அப்துல் அஜீஸ் தலைமையில் நடந்த ஆய்வு அந்தத் துண்டாடலின் விளைவுகளைப் பதிவு செய்தது. நிலம் கைமாறியது, மரம் கைமாறியது. லயத்தில் மூன்று தலைமுறையாக இருந்தவனுக்கு என்ன கைமாறியது? மூப்பு இல்லை, வீடு இல்லை. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும், தொழிலாளர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு கட்டியதும், 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியதும் இந்தக் கேள்விக்கான பதில்தான். விற்கப்படுகிற தோட்டத்தை அதில் உழைக்கிறவனே வாங்கினால் அவன் கைமாற வேண்டியதில்லை.

அந்த இயக்கம் எல்லாத் தோட்டத்தையும் எட்டவில்லை. 1980ஆம் ஆண்டின் பணிநிறுத்தச் சலுகை விதிமுறைகளில் தொழில் கைமாறுவது பற்றி ஒரு பிரிவு வந்தது. புதிய முதலாளி ஏழு நாளுக்குள், பழையதற்குக் குறையாத நிபந்தனையில் வேலை தர முன்வந்தால், பழைய சேவை அறுபடாமல் தொடரும். இல்லையென்றால் தொழிலாளிக்கு இழப்பீடு கொடுக்கப்பட வேண்டும்: இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், ஐந்தாண்டுவரை 15 நாள், அதற்கு மேல் 20 நாள். என் பார்வையில் என்பிஏ ஒப்பந்தத்தின் 'கூடவே போகும்' விதிக்கு நம் மண்ணில் உள்ள தம்பி இது. சேவை கூடப் போகும் என்று சட்டம் சொல்லியது. வீடு கூடப் போகும் என்று சொல்லவில்லை. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் ஒரு வீட்டுக்காக எத்தனை ஆண்டு காத்திருந்தார்கள் என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கோடிகளில் சம்பளம் வாங்கும் டான்சிச்சையும் பால்வெட்டுத் தொழிலாளியையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். டான்சிச்சுக்குக்கூட எழுதி வைத்திருக்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

மலேசியாவில் கூடைப்பந்துக்கு இப்படிப்பட்ட பரிமாற்றச் சந்தை உருவாகவில்லை. வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ் 2016இல் ஆசியான் கூடைப்பந்து லீக்கை வென்றபோதும், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பருவ ஒப்பந்தத்தில் வந்து போகிறவர்களாகவே இருந்தார்கள். காற்பந்திலும் குறுகிய கால ஒப்பந்தம்தான் வழக்கம். ஆளை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை, ஒப்பந்தம் முடிந்ததும் அவரவர் வழி. இங்கே விளையாட்டாளனுக்கு வரும் ஆபத்து வேறு விதமானது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழு 2017இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. அதுவே 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் நின்றது. நம் பிள்ளைகள் பலருக்கு மேலே ஏற ஒரு படி அது. கடைசிக் காலத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், உள்ளூர் ஆட்களை மட்டும் வைத்துத் தாக்குப்பிடித்தது. 2022 பருவத்தோடு லீக்கிலிருந்து விலகிவிட்டது. யாரும் யாருக்கும் கைமாற்றப்படவில்லை. குழுவே இல்லை. இப்படி ஒரு குழு கலையும்போது அதன் ஆட்டக்காரர்களின் மீதி ஒப்பந்தத்தை மற்றக் குழுக்கள் ஏற்றாக வேண்டும் என்று ஒரு விதி நம் லீக்கில் எழுதப்பட வேண்டும். அதற்காக அமெரிக்கப் பரிமாற்ற முறையிலிருந்து ஒரு பகுதியைக் கடன் வாங்கினாலும் தவறில்லை. ஆளைக் கேட்காமல் அனுப்பும் பகுதியை அவர்களிடமே விட்டுவிடலாம்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். "கேட்டா எவனும் போக மாட்டான் மாமா" என்றான். அவனுக்குப் பழைய சம்பவம் ஒன்றைச் சொன்னேன்.

பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் எங்கள் தோட்டத்துக்கு ஒரு காற்பந்துக் குழு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தோட்டங்களோடு ஆட்டம். இரும்புக் குழாயில் கோல் கம்பம், வலை கிடையாது, பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று பாதி நேரம் சண்டை. எங்கள் நடு ஆட்டக்காரர் அண்ணன் ஒருவர் வெறுங்காலில் அடித்தாலே பந்து கும்மென்று போகும். ஒருநாள் பக்கத்துத் தோட்டத்துப் பெரிய கிராணியார் சைக்கிளில் லயத்துக்கே வந்தார். ஆலையில் வேலை, வெட்டுக்காட்டைவிட நாளுக்கு ஒன்றரை வெள்ளி கூடுதல், லயத்தில் முன்வீடு. பதிலுக்கு அவர்களுடைய கோல்கீப்பர் எங்கள் பக்கம் வருவார், எங்கள் கிராணியாரிடம் பேசியாகிவிட்டது என்றார். இரண்டு பக்கமும் பொருந்துகிற நல்ல திட்டம்.

அண்ணன் வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை. உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"ஐயா, வீட்டைப் பார்த்துட்டுச் சொல்றோம்."

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் இடுப்பில் கைக்குழந்தையோடு அவர் நடந்தே போனார். செம்மண் சாலையில் மூன்று மைல். எங்களில் சில பையன்கள் கூடப் போனோம். முன்வீட்டின் கதவைத் திறந்து தட்டிப் பார்த்தார். கூரையில் ஒழுகல் கறை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தார். தண்ணீர்க் குழாய் எத்தனை வீடு தள்ளி என்று காலடி எண்ணினார். ஆயாக் கொட்டகைக்குப் போய், அங்கே தொட்டிலாட்டிக்கொண்டிருந்த ஆயாவிடம் காலையில் எத்தனை மணிக்குத் திறப்பீங்க என்று கேட்டார். மூத்த பிள்ளை போக வேண்டிய தமிழ்ப்பள்ளியின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். கிராணியார் ஆபீஸ் வாசலில் காத்திருந்தார். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தத் தோட்டத்துல எங்க வீட்டுக்காரர் எட்டு வருசம் வெட்டியிருக்காரு. அது இங்க செல்லுமா?"

கிராணியார் தலையைச் சொறிந்தார். துரையிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கேட்டு, எழுதியும் கொடுத்தார். அடுத்த மாதம் சம்பளம் போட்ட மறுநாள் லாரி வந்தது. அண்ணி அந்தக் காகிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டுதான் முன்சீட்டில் ஏறினார்.